ஆயுளுக்கும் போதும் என்ற எண்ணெய்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவின் பத்தாம் நாளில் திருச்செந்தூரிலிருந்து குலசைக்குக் காரில் வருகிறவருக்குப் பொறுமை வேண்டும். மகிஷாசூர சம்ஹாரம் கடற்கரையில் நள்ளிரவை ஒட்டித்தான் நடக்கும். சாலையோ பகலிலேயே நிரம்பிவிடும். தாரை தப்பட்டையோடு நடந்துபோகும் காளி வேஷக்காரர் உங்கள் வண்டியைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போவார். இந்த மாதிரி நெரிசலுக்காகவே ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம் என்று சொல்பவர்கள் இப்போது நிறைய. கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், இடது கால் சும்மா கிடக்கும். அந்தக் கால் செய்யாத வேலையை வேறு யாராவது செய்துதானே ஆக வேண்டும்? பல வண்டிகளில், அடியில் இருக்கும் ஆறேழு லிட்டர் எண்ணெய் அதைச் செய்துகொண்டிருக்கிறது. கியரை டி-யில் வைத்து பிரேக்கை மிதித்தபடி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அது சூடாகிக்கொண்டிருக்கிறது.

இன்ஜின் ஆயிலை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கியர்பாக்ஸ் எண்ணெயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘அது லைஃப்டைம் ஆயில், ஆயுளுக்கும் போதும்’ என்பது பதில். யாருடைய ஆயுளுக்கு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில், கை வைப்பதற்கு முன், உங்கள் காரில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றிலும் இரண்டு மிதிகள்தான். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு வகை இயந்திரங்கள்: டார்க் கன்வெர்ட்டர், ஏஎம்டி, சிவிடி, இரட்டைக் கிளட்ச். ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் பார்ப்போம்.

அந்த நாலும் நம் மாநிலத்திலேயே கார்களில் ஏறியவை என்பது ஒரு வசதி. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 2015 முதல் வரும் கிரெட்டாவில் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆறு கியர் பெட்டி உண்டு. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் க்விட் 2016-ல் ஏஎம்டி-யோடு வந்தது. அதே ஆலையின் மேக்னைட்டில் சிவிடி உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு கடையைக் கட்டுவதற்கு முன் செய்த ஈகோஸ்போர்ட்டில், 2013-லேயே இரட்டைக் கிளட்ச் பெட்டி இருந்தது. இந்தியாவில் ஆட்டோமேட்டிக் காரை நடுத்தரக் குடும்பத்தின் விலைக்கு இறக்கியது 2014-ல் வந்த மாருதி செலேரியோ. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1980-களில் கைனெட்டிக் ஹோண்டா ஓட்டிய எல்லோரும் ஆட்டோமேட்டிக் ஓட்டியவர்கள்தான். ரப்பர் பெல்ட்டில் ஓடும் சிவிடி அதற்குள் இருந்தது. அப்போது யாரும் அதை அந்தப் பெயரால் அழைக்கவில்லை.

டார்க் கன்வெர்ட்டர் வகையிலிருந்து தொடங்குவோம். வீட்டில் செய்யத்தக்க வேலை அதிகம் இருப்பது அதில்தான். தப்பு நடப்பதும் அதில்தான்.

இந்த டார்க் கன்வெர்ட்டர் காருக்காகப் பிறந்ததே இல்லை, கப்பலுக்காகப் பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பு. நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் இயக்குவிசிறி மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ள முடியும். இரண்டையும் பற்சக்கரத்தால் பிணைப்பது அன்றைக்குப் பெரும்பாடு. ஃபொட்டிங்கர் நடுவில் திரவத்தை வைத்தார். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் சக்கரம் திரவத்தை வீசும். எதிரே இருக்கும் சக்கரம் அந்த வீச்சை வாங்கிக்கொண்டு சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் திரவத்தின் திசையை மாற்றிவிடுவதால், வண்டி கிளம்பும்போது இன்ஜின் கொடுக்கும் முறுக்குவிசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை மறுபக்கத்தில் கிடைக்கும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ராமேட்டிக் என்ற பெட்டியை ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வைத்தபோது இந்தத் திரவ இணைப்பு பெருவாரியான கார்களுக்கு வந்து சேர்ந்தது. முறுக்குவிசையைப் பெருக்கும் முழு டார்க் கன்வெர்ட்டர் 1948-ன் ப்யூக் டைனாஃப்ளோவில் வந்தது.

இங்கே எண்ணெய் வெறும் உராய்வு குறைக்கும் பொருள் இல்லை. இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பாகமே அதுதான். இன்ஜின் சுற்றி, சக்கரம் சுற்றாமல் நின்றால், கொண்டுபோன சக்தி முழுவதும் எண்ணெயிலேயே வெப்பமாக இறங்கிவிடும்.

எவ்வளவு வெப்பம்? குலசைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேரியைத் தெரியும். குதிரைமொழித் தேரி, தேரிக்குடியிருப்பு, கற்குவேல் அய்யனார் கோயில் பக்கமெல்லாம் சிவந்த மணல் மேடுகள். கார் அதில் இறங்கி, சக்கரம் பாதி புதைந்து, அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். இன்ஜின் 20 கிலோவாட் சக்தியைக் கொடுக்கிறது. சிறிய காருக்கு இது பெரிய அளவே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் ஏறக்குறைய ஐந்து கிலோ. ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடாக்க இரண்டு கிலோஜூல் போதும். ஐந்து கிலோவுக்குப் பத்து. அப்படியானால் நொடிக்கு இரண்டு டிகிரி ஏறும். வழக்கமாக 90 டிகிரியில் இருக்கும் எண்ணெய், அரை நிமிடத்தில் 150-ஐத் தொடும். கூலர் கொஞ்சத்தை எடுத்துப்போகும், பெட்டியின் உலோகம் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான்; ஆனால் கன்வெர்ட்டருக்குள் சிக்கி இருக்கும் எண்ணெய்க்கு அந்தச் சலுகைகூட உடனே கிடைக்காது. டி, ஆர், டி, ஆர் என்று மாற்றி மாற்றிப் போட்டு வண்டியை ஆட்டி எடுக்கப் பார்ப்பது, பத்தாயிரம் கிலோமீட்டரில் நடக்க வேண்டிய தேய்மானத்தைப் பத்து நிமிடத்தில் நடத்தி முடிக்கும் வழி. இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை அள்ளி, பனை ஓலையோ பலகையோ போட்டு, டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, மெதுவாக எடுங்கள்.

சூடு எண்ணெயை என்ன செய்கிறது? ஆக்சிஜனோடு சேரவைக்கிறது. வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பள்ளியில் படித்த விதி. எண்ணெயின் ஆயுளும் அதே கணக்கில் பாதி பாதியாகக் குறையும். முதலில் நிறம் மங்கும், பிறகு கருகிய வாடை வரும், அப்புறம் வார்னிஷ் போன்ற படலம் வால்வுகளில் ஒட்டிக்கொள்ளும்.

வால்வு என்றதும் பெட்டியின் இன்னொரு பகுதிக்கு வர வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் கோள் அமைப்புப் பற்சக்கரங்கள் இருக்கின்றன: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மூன்று நான்கு சிறியவை, வெளியே ஒரு வளையம். இதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். பிடித்து நிறுத்துவது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் பிளேட் அடுக்குகள். அவற்றை அழுத்துவதும் எண்ணெய்தான். எந்த அடுக்குக்கு எப்போது அழுத்தம் போக வேண்டும் என்று கணினி சொல்ல, வால்வுகள் அடங்கிய ‘வால்வு பாடி’க்குள் இருக்கும் சோலனாய்டுகள் என்ற மின்காந்தங்கள் வழியைத் திறந்து மூடுகின்றன.

ஆக இந்த எண்ணெயிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். பற்சக்கரத்துக்கு அது வழுக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்கு அது வழுக்கக் கூடாது. அதேசமயம் வெடுக்கென்று பிடித்து வண்டி குலுங்கவும் கூடாது. இந்த நடுநிலையைக் கொடுக்க ஒருகாலத்தில் என்ன சேர்த்தார்கள் தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அருகிவரும் உயிரினமாக அறிவித்துத் தடை போடும்வரை, கார் ஓட அது செத்துக்கொண்டிருந்தது. அதன் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸைக் கடத்தியதாகத் தூத்துக்குடிக் கடற்கரையில் ஆட்கள் பிடிபடும் செய்தி இன்றும் அடிக்கடி வருகிறது. தடைக்குப் பிறகு மாற்றுச் சேர்க்கையைக் கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் படாத பாடு பட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் ‘எல்லாம் சிவப்பு ஆயில்தானே, எதை ஊற்றினால் என்ன’ என்று சொல்வார்கள். சிவப்பு என்பது வெறும் சாயம். கசிவு எங்கிருந்து வருகிறது, இன்ஜினிலிருந்தா கியர்பாக்ஸிலிருந்தா என்று கண்டுபிடிக்கச் சேர்ப்பது. உராய்வுக் குணம்தான் எண்ணெயின் உண்மையான அடையாளம், அது கம்பெனிக்குக் கம்பெனி, பெட்டிக்குப் பெட்டி மாறும். ஹூண்டாயின் ஆறு கியர் பெட்டிக்கு எஸ்பி-4, நிசான் சிவிடி-க்கு என்எஸ்-3 என்று கையேட்டில் பெயர் போட்டிருக்கும். அந்தப் பெயருள்ளதைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். விலை குறைவு என்று மாற்றி வாங்குவதைப் போன்ற நஷ்ட வியாபாரம் வேறில்லை.

இனி அந்த ‘லைஃப்டைம்’. பல கார் கம்பெனிகளுக்காகக் கியர்பாக்ஸ் செய்யும் ஜெர்மானிய ஜெட்எஃப் நிறுவனம், தன் பெட்டிகளின் எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கித் தன் காரில் வைக்கும் கம்பெனிகள் சில, மாற்றவே வேண்டாம் என்கின்றன. செய்தவர் சொல்வதைக் கேட்பதா, விற்றவர் சொல்வதைக் கேட்பதா? நான் செய்தவர் பக்கம். ஆயுள் என்று விற்பவர் சொல்வது பெரும்பாலும் முதல் உரிமையாளர் வண்டியை வைத்திருக்கும் காலத்தைத்தான்.

இன்னொன்று. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கும், யாரும் படிப்பதில்லை. புழுதி, மணல், உப்புக்காற்று, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசல், நீண்ட நேரம் நின்றபடி ஓடும் இன்ஜின், குறுகிய பயணங்கள் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கு ‘பரிசோதனை தேவையில்லை’ என்று சொல்லும் சில கையேடுகளே இந்த அட்டவணையில் 90,000 அல்லது 1,00,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்கிற தூத்துக்குடிக் கடற்கரை இது. இங்கே மணப்பாட்டிலிருந்து உடன்குடிக்குக் கடைக்குப் போய் வருகிற காரின் அன்றாடம் அந்த அட்டவணைதான். என் கணிப்பில் இந்தக் கரையில் ஓடும் டார்க் கன்வெர்ட்டர் காருக்கு 60,000 கிலோமீட்டர், அல்லது ஐந்து வருஷம், எது முதலில் வருகிறதோ அது சரியான கெடு. உத்தரவாதம் முடியாத வண்டி என்றால் சர்வீஸ் நிலையத்தில் பில்லோடு செய்துகொள்ளுங்கள். கைவேலையைக் காட்டும் இடம் அது இல்லை.

உத்தரவாதம் முடிந்தது, இன்ஜின் ஆயிலை நீங்களே மாற்றிப் பழக்கம் உண்டு என்றால், வடித்து நிரப்பும் வேலையை வீட்டில் செய்யலாம். அதற்குமுன் இடம். வண்டிக்கு அடியில் போக வேண்டிய வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உடலை உள்ளே கொடுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். குலசை, உடன்குடிப் பக்கத்து மணல் முற்றத்தில் ஸ்டாண்டும் இறங்கும். சிமென்ட் தளம் கட்டாயம். அதோடு எண்ணெய் மட்டம் பார்க்க வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் அளவு பொய் சொல்லும். தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் பிட் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல். வீட்டு வேலை என்பதற்காக வீட்டில்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

முதலில் கழற்ற வேண்டியது நிரப்பும் போல்ட், வடிக்கும் போல்ட் இல்லை. உப்புக்காற்றில் அலுமினியப் பெட்டியும் இரும்பு போல்ட்டும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாகவே மாறிவிடும்; இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம். மரையில் வெள்ளைப் பொடி பூத்து போல்ட் இறுகிப்போகும். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் வண்டியை நகர்த்த இழுவை லாரிதான் வர வேண்டும். மேல் போல்ட் திறந்தது உறுதியானபின் கீழ் போல்ட்டுக்குப் போங்கள். திறக்க அடம்பிடித்தால் துருநீக்கி தெளித்து ஒரு ராத்திரி விடலாம். நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்காதீர்கள், மரை உரிந்துவிடும்.

எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். கொதிக்கும் சூட்டில் வேண்டாம், கை வெந்துவிடும். வடிந்ததை அளவு போட்ட பாத்திரத்தில் பிடித்து எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம்: முதலில் எவ்வளவு வந்ததோ அவ்வளவே உள்ளே போக வேண்டும். ஏழு லிட்டர் பெட்டியில் மூன்று, மூன்றரைதான் வரும். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றினால் பாதிதான் புதிது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாவது முறை மாற்றினால் முக்கால், மூன்றாவது முறைக்குப் பிறகும் எட்டில் ஒரு பங்கு பழையது இருக்கும். அதற்குமேல் செலவழிப்பதில் அர்த்தமில்லை. இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவி எடுக்கும் முறையை, நிறைய ஓடிய வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வடிக்கும் போல்ட்டின் வாஷர் ஒருமுறைதான் பயன்படும், புதிது போடுங்கள். இறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும், அதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டி, சிறிய ராக்கெட்டுகளை ஏவ இஸ்ரோ தளம் கட்டும் ஊர் குலசை. போல்ட்டைக் கை உணர்வில் இறுக்குவது இங்கேயாவது வழக்கொழியட்டும்.

இனி மட்டம் பார்ப்பது. பழைய பெட்டிகளில் அளவுக்கோல் உண்டு, புதியவற்றில் கிடையாது. அவற்றில் பக்கவாட்டில் ஒரு போல்ட். இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கையில் அதைத் திறந்தால், மிகுதி வழிந்து மெல்லிய இழையாக நின்றுபோக வேண்டும். அந்த வெப்பநிலை சில வண்டிகளுக்கு 35 முதல் 45 டிகிரி, சிலவற்றுக்கு 50 முதல் 60. ஏன் இத்தனை கறார்? எண்ணெய் சூட்டில் விரியும். ஏழு லிட்டர், 30-லிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 300 மில்லி பெருகும். சூட்டில் பார்த்து மட்டம் வைத்தால், ஆறியதும் குறைந்து போயிருக்கும். குறிப்பிட்ட வெப்பநிலை 35 என்று இருக்கும் வண்டியை சித்திரை வெயிலில் நிறுத்தி மதியம் வேலையை ஆரம்பித்தால், இன்ஜினைப் போடும் முன்பே எல்லை தாண்டிவிடும். விடியற்காலை செய்யுங்கள். வெப்பநிலையைப் படிக்க, வண்டியின் கணினியோடு இணையும் ஓபிடி ஸ்கேனர் வேண்டும். செல்போனோடு இணையும் சிறியவை இப்போது எட்டும் விலையில் கிடைக்கின்றன, ஆனால் கியர் எண்ணெயின் வெப்பநிலையை எல்லாமே காட்டுவதில்லை, வாங்கும்முன் பாருங்கள்.

மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் சுற்றும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்குள் இருப்பதும் காற்றுதான். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால் இரண்டிலும் ஒரே விளைவு: அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும், இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது.

வடித்த எண்ணெயைச் சும்மா விடாதீர்கள், வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மங்கிய சிவப்பு என்றால் சரி. கரும்பழுப்பும் கருகிய வாடையும் என்றால் கிளட்ச் பிளேட் தீய்ந்திருக்கிறது. அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. பளபளக்கும் துண்டுகள் கிடந்தால் மேற்கொண்டு எதையும் ஊற்றாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ‘பழைய ஆயிலை மாற்றினதும் கியர்பாக்ஸ் போயிடுச்சு’ என்று சொல்வார்கள். ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றியவர்களின் கதைதான் அதில் பெரும்பாலானது. தேய்ந்த பிளேட்டை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது.

ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால்? உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இந்தக் கரையோரத்தில் இதற்கு ஒரு தேதியே உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது; தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரில் 69. வீட்டு வாசலில் நின்ற கார்கள் கழுத்தளவு மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் பார்த்தது இன்ஜினையும் சீட்டையும். கியர்பாக்ஸ் மூடிய பெட்டிதானே, உள்ளே எப்படிப் போகும் என்று நினைப்பது இயல்பு. அது முழுக்க மூடிய பெட்டி இல்லை. சூட்டில் விரியும் காற்று வெளியே போக மேலே ஒரு சின்ன மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். வண்டி அந்த உயரத்துக்கு மூழ்கினால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டியை வெள்ளத்துக்குள் விட்டால் இன்னும் மோசம்: 90 டிகிரியில் இருந்த உள்காற்று சட்டென்று 30 டிகிரிக்குக் குளிரும்போது ஆறில் ஒரு பங்கு சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப வெளித் தண்ணீரைப் பெட்டியே உறிஞ்சிக்கொள்ளும்.

தண்ணீர் போனால் என்ன? கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டை காகித இழைகளால் ஆனது, பசையால் ஒட்டியது. தண்ணீர் இழையை ஊறவைக்கும், பசையை இளக்கும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்தாலும் இதே நிலைமைதான், அதிலுள்ள கிளைக்கால் பசையை இன்னும் வேகமாகத் தின்னும். ஆகவே மூழ்கிய காரை முதலில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் ஒன்றிரண்டு நாள் நின்ற வண்டி என்றால், வடிக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே தெரிந்துவிடும்: எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி முதலில் அதுதான் சொட்டும். ஸ்டார்ட் செய்து கலக்கிவிட்டால்தான் ரோஸ் மில்க்.

மூழ்கியதாலோ வேறு எதனாலோ நின்றுபோன டார்க் கன்வெர்ட்டர் வண்டியை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது, கயிறு கட்டி இழுத்துப் போகவும் கூடாது. பெட்டியின் பம்ப்பை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் எண்ணெய் நகராது. சக்கரம் உருண்டால் பற்சக்கரங்கள் வறட்சியில் சுற்றும். இயக்கும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

மற்ற மூன்று வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஏஎம்டி என்பது நம் பழைய மேனுவல் பெட்டியேதான். கிளட்ச்சையும் கியரையும் மனிதக் காலும் கையும் இயக்குவதற்குப் பதில் ஒரு இயந்திரக் கை இயக்குகிறது. கியர் ஆயில் மாற்றுவது மேனுவல் காரைப் போலவே எளிது. எண்ணெய் அழுத்தத்தில் அந்தக் கை வேலை செய்யும் வண்டிகளில் அதற்கென்று ஒரு சின்ன டப்பா இருக்கும். மட்டம் பார்க்கலாம், ஆனால் பிரேக் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் ஏஎம்டி-யின் கிளட்ச்சைக் கொன்றுவிடும். தசரா நெரிசலில் ஓர் அடி நகர்ந்து ஓர் அடி நிற்பதற்குப் பதில், முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும்வரை காத்திருந்து நகருங்கள்.

சிவிடி-யில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை. 1958-ல் டச்சுக்காரர் ஹப் வான் டோர்ன் டாஃப் காரில் ரப்பர் பெல்ட்டோடு தொடங்கிவைத்தது, பின்னால் எஃகுக்கு மாறியது. கப்பியும் பட்டையும் வழுக்காமல் பிடித்துக்கொள்வது நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தயவில். டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கான சாதாரண எண்ணெயை (ஏடிஎஃப்) ஊற்றினால் பட்டை வழுக்கி கப்பியில் கோடு விழும், பெட்டியே போகும். வடித்து நிரப்பும் முறை முன்பு சொன்னதுதான்; கையேடு சொன்ன சிவிடி எண்ணெய் மட்டும்தான். இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் வீட்டில் எதையும் திறக்க வேண்டாம். அவற்றின் வேலை முடிந்ததும் கணினியில் கிளட்ச்சின் பிடிப்புப் புள்ளியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கான கருவி நம்மிடம் இருக்காது.

எல்லா வகைக்கும் பொதுவாக இந்தக் கரையில் ஒரு வேலை இருக்கிறது, ஸ்பேனரே வேண்டாம். கடற்கரைக்குப் போய் வந்த பிறகு வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலசுங்கள். கூலருக்குப் போகும் இரும்புக் குழாய், அடித்தட்டின் விளிம்பு, வயர் இணைப்புகள் இவைதான் உப்புக்கு முதலில் இரையாவது. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தச் சிவப்புச் சாயம் உங்களுக்காகத்தான் சேர்த்திருக்கிறார்கள். சிமென்ட் தரையில் சிவப்புச் சொட்டு விழுந்தால் அன்றைக்கே கவனியுங்கள்.

கடைசியாக, வடித்த எண்ணெய். கறையானுக்கு அடிக்கலாம், வேலிக் கம்பத்தில் பூசலாம் என்று சிலர் பத்திரப்படுத்துவார்கள். சிலர் பின்னால் மணலில் குழி தோண்டி ஊற்றிவிடுவார்கள். தேரி மணல் பெய்த மழையை அப்படியே உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பும் மணல். எண்ணெயையும் அதேபோல அனுப்பும், அது போய்ச் சேருவது ஊர்க் கிணற்றுக்கு. 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடி, மறுசுழற்சிக்காரர்களுக்கு எண்ணெய் விற்கும் சர்வீஸ் நிலையத்திலோ ஷெட்டிலோ கொடுத்துவிடுங்கள்.